மாப்பிள்ளை வாட்ச்சின் எடை

பால்ராஜ் எந்தப் பொருளையும் முதலில் கண்ணால் பார்க்கிற ஆள் இல்லை. கையில் எடுப்பார், உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டிப் பார்ப்பார், அதற்கப்புறம்தான் கண் அந்தப் பக்கம் போகும். தேங்காய், சோப்பு, செருப்பு, சபையில் புதிதாக வந்த பாட்டுப் புத்தகம், பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தை என்று எதுவும் அவர் கைக்குத் தப்பியதில்லை. "போன மாசத்துக்கு இந்த மாசம் சோப்பு எளைச்சிருக்கு சாராளு" என்பார் குளியலறை வாசலில் நின்றுகொண்டு. "கரையப் போற சோப்பு, எளைச்சா என்ன, கொழுத்தா என்ன? தண்ணி நிக்கிறதுக்குள்ள குளிச்சிட்டு வாங்க" என்பாள் சாராள் அடுப்படியிலிருந்து. இப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடந்துவிட்டது.

பழக்கம் தொழிலில் ஒட்டியது. சாயர்புரத்திலிருந்து ஆவடிக்கு அப்ரண்டிஸாக வந்தவர், ராணுவத் தொழிற்சாலையில் வேலை நிரந்தரமாகி, வார்ப்பு இரும்புத் துண்டுகளைச் சோதிக்கிற பிரிவில் உட்கார்ந்தார். வார்ப்பில் காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டால் வெளியே தெரியாது. மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே ஓட்டை. சோதிக்க மெஷின் உண்டு. ஆனாலும் பால்ராஜ் மெஷினுக்கு அனுப்புமுன் ஒரு தரம் கையில் தூக்கிப் பார்த்து, "இது பொக்கை" என்று தனியாக எடுத்து வைப்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பாகப் போனதும் உண்டு, அதை அவர் எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. செக்ஷனில் அவருக்குத் 'தராசு' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். கிண்டலுக்கு வைத்த பெயர்தான். மனிதருக்கு அதில் உள்ளூரச் சந்தோஷம்.

இந்தத் தராசுக்கு ஒரே மகள், ரெனிதா. அம்பத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அதே கம்பெனியில் பூந்தமல்லிப் பையன் இவான். இரண்டு பேரும் பேசிப் பழகி, தாங்களே முடிவு பண்ணி, அப்புறம் வீட்டில் சொல்லி, வீட்டார் தாங்களே பார்த்து முடித்தது மாதிரி நடத்திக்கொண்டிருந்த கல்யாணம் அது. பையனுக்கு அப்பா இல்லை. அம்மா சுகிர்தம், பள்ளிக்கூடத்து டீச்சர், அதிகம் பேசாதவர். வீட்டில் எதற்கும் முன்னால் நிற்பவர் அம்மாவின் அண்ணன் தேவசகாயம். பூந்தமல்லி மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை, கழுத்தில் கனத்த செயின், குரலும் அதற்கேற்ற மாதிரி.

பெண் பார்க்க வந்த அன்று நடந்ததைச் சொன்னால்தான் மற்றது புரியும். ஹால் அலமாரியில் பால்ராஜுக்குத் தொழிற்சாலையில் கொடுத்த நினைவுப் பரிசு ஒன்று இருந்தது. வெள்ளி மாதிரி மின்னும் டாங்கி பொம்மை. தேவசகாயம் காபியைக் குடித்துக்கொண்டே எழுந்து போய் அதை எடுத்தார். உள்ளங்கையில் வைத்தார். மேலும் கீழும் ஆட்டினார். "ம்" என்றார். திரும்ப வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

அது பிளாஸ்டிக்கில் வெள்ளிப் பூச்சு அடித்தது என்பது பால்ராஜுக்கு வாங்கிய அன்றே தெரியும். ஆனால் இன்னொருவர் கை அதைக் கண்டுபிடித்து, கண்டுபிடித்ததை ஒரே எழுத்தில் சொல்லிவிட்டுப் போகும் என்று அவர் நினைக்கவில்லை. பாம்பின் கால் பாம்பறியும். அந்த "ம்" டாங்கி பொம்மைக்கு மட்டும் சொன்னதாக அவருக்குப் படவில்லை. குவார்ட்டர்ஸ் வீட்டுக்கும், சாராள் கழுத்துச் சங்கிலிக்கும், தனக்கும் சேர்த்துச் சொன்னதாகவே பட்டது. 'நம்மள பொக்கைன்னுட்டான்' என்று மனசுக்குள் ஒரு அரிப்பு அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

நிச்சயதார்த்தத்தில் பெண்ணின் அப்பா மாப்பிள்ளை கையில் வாட்ச் கட்டவேண்டும். மோதிரம் பெண் போடுவாள், வாட்ச் மாமனார் கட்டுவார். ரெனிதா, "வாட்ச் என் பொறுப்புப்பா" என்று தன் சேமிப்பிலிருந்து அண்ணாநகரில் பெரிய கடையில் வாங்கிக்கொண்டு வந்தாள். வெளிநாட்டுச் சரக்கு. விலையைச் சாராளிடம் யாரும் சொல்லவில்லை, சொன்னால் அன்று சோறு வடித்திருக்க மாட்டாள். கறுப்புப் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி, அதற்குள் சின்னத் தலையணை, தலையணையைக் கட்டிப்பிடித்த மாதிரி மங்கிய சாம்பல் நிறத்தில் வாட்ச்.

பால்ராஜ் எடுத்தார், உள்ளங்கையில் வைத்தார். பெட்டியை எட்டிப் பார்த்தார், ஏதாவது கீழே விழுந்துவிட்டதா என்று.

"என்னம்மா, உள்ள மெஷினு இருக்கா?"

"டைட்டானியம்பா. கேஸு, பட்டை எல்லாமே. கட்டினா கட்டின மாதிரியே இருக்காது."

"கட்டின மாதிரியே இருக்காதுன்னா அப்புறம் எதுக்கும்மா கட்டணும்?"

ரெனிதா சிரித்தாள். "இப்ப அதாம்பா ஒசத்தி. லேசா இருக்கிறதுக்குத்தான் காசே." மேலே ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி நின்றாள், அப்புறம் போனைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள்.

பால்ராஜுக்குத் தலைக்குள் பூச்சி பறக்க ஆரம்பித்தது. மனிதர் கோபப்பட்டிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும். அவருக்கு வந்தது கோபம் இல்லை, ஆச்சரியம். காசு கூடக் கூட எடை குறையும் என்று ஒரு பொருள் உலகத்தில் இருக்க முடியுமா? தங்கம் அப்படியா, வெண்கலம் அப்படியா? உயர்ந்த வாட்ச் கனமாக இருக்க வேண்டுமா, லேசாக இருக்க வேண்டுமா என்று தெரிந்துகொள்ளாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடக்கப் போகிறவர், மறுநாள் நடப்பதை விட்டுவிட்டு நடக்கிறவர்களை நிறுத்தி நிறுத்திக் கேட்க ஆரம்பித்தார்.

கூட நடக்கிற சிவராமன், தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "கனமா இருந்தா கட்டினவன் ஒசத்தின்னு ஊருக்குத் தெரியும். லேசா இருந்தா அது அவனுக்கு மட்டும்தான் தெரியும். உங்களுக்கு யாருக்குத் தெரியணும், அதைச் சொல்லுங்கோ."

பால்ராஜுக்கு அதற்குப் பதில் உடனே தெரியும். தேவசகாயத்துக்குத் தெரிய வேண்டும். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? "பொதுவா கேக்கிறேன்" என்று மழுப்பினார்.

காய்கறி வண்டி சரசாவிடம் கேட்டார். அவள் கத்திரிக்காயைத் தட்டில் அள்ளிக்கொண்டே, "தேங்கான்னா கனம் பாக்கணும் நைனா, கத்திரிக்கான்னா லேசு பாக்கணும். கனத்த கத்திரிக்கா ஊட்டுக்குப் போயி அறுத்தா உள்ள எல்லாம் வெதையாத்தான் கீது. உன் வாச்சி தேங்காயா கத்திரிக்காயான்னு நான் இன்னாத்த கண்டேன்?" என்றாள். கேட்ட எல்லாரிலும் அவள் சொன்னதுதான் நியாயமாகப் பட்டது. ஆனால் அது அவரை எங்கேயும் கொண்டு சேர்க்கவில்லை.

ஆவடி மார்க்கெட்டில் வாட்ச் கடை வைத்திருக்கிற யூசுப், கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு அதை நெடுநேரம் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்து நின்றே கொடுத்தார். "அசல் சரக்கு சார். என் கடைக்குள்ள இது வந்ததே பெருமை. தெறந்து பாக்க மட்டும் சொல்லாதீங்க, தெறந்தா கியாரண்டி போயிரும்."

"அதில்ல பாய். தூக்கிப் பாக்கிறவனுக்கு இது நல்ல வாட்ச்சுன்னு தெரியுமா?"

யூசுப் யோசித்தார். "தெரிஞ்சவனுக்குத் தெரியும். தெரியாதவன் பிளாட்பாரத்து மால்னுதான் நெனப்பான். அதுல சந்தேகமே இல்ல."

அங்கேதான் முடிச்சு விழுந்தது. போதாததற்கு அன்று சாயங்காலமே தேவசகாயம் போன் பண்ணினார். ஹால், சாப்பாடு, பாஸ்டர் வருகிற நேரம் எல்லாம் பேசிவிட்டு, "சம்பந்தி, எங்க வீட்டுல ஒரு பழக்கம். மாப்பிள்ளை வாட்ச்ச தட்டுல இருந்து தாய்மாமன் மொதல்ல கையில வாங்கணும். நான் வாங்கி, சபைக்குக் காட்டிட்டு உங்ககிட்ட குடுப்பேன். நீங்க கட்டுவீங்க" என்றார். பால்ராஜ் போனை வைத்துவிட்டு, மின்விசிறியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கை, அந்த ஆட்டல், அதற்கப்புறம் அந்த "ம்". இந்தத் தடவை சபைக்கு முன்னால்.

ஊர் முழுக்கக் கேட்டவர் அந்த வாட்ச்சைக் கட்டப் போகிறவனை மட்டும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை. மாப்பிள்ளை என்றால் கையை நீட்டுகிறவன், அவ்வளவுதானே?

மறுநாள் வாட்ச்சை டிபன் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போனார். அங்கே வீராசாமி பட்டறை வைத்திருந்தான். பழைய அப்ரண்டிஸ் கூட்டாளி. நடுவில் தொழிற்சாலையை விட்டுவிட்டுச் சொந்தமாக லேத் போட்டவன், இப்போது கம்ப்யூட்டர் சொல்கிறபடி வெட்டுகிற மெஷின்கள் வரைக்கும் வளர்ந்திருந்தான். சமாச்சாரத்தைக் கேட்டதும் வாட்ச்சைக் கையில் வாங்கிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான்.

"இன்னா அண்ணாத்தே, காத்தாடிக்கு வாலு கட்டச் சொல்றியா?"

"சிரிக்காத வீராசாமி. உள்ள கை வைக்கக் கூடாது. பட்டையில ஏதாவது பண்ண முடியுமா?"

வீராசாமியின் சிரிப்பு நின்றது. பட்டையின் ஒரு கண்ணியைக் கழற்றினான், அளவு பார்த்தான், வெளிச்சத்தில் திருப்பினான். முடியுமா என்று கேட்டுவிட்டால் அப்புறம் அந்த எஸ்டேட்டில் எவனும் முடியாது என்று சொல்ல மாட்டான். அதுதான் அங்கே உள்ள வியாதி. "கண்ணி கண்ணியா ஸ்டீல்ல வெட்டிக்கலாம். மேல மணல் அடிச்சா இதே மங்கல் கலர் வந்துரும். கிளிப்புக்கு அடியில இன்னும் கொஞ்சம் தடிப்பா ஒண்ணு வச்சிக்கினா, தூக்கினவன் 'ஆத்தாடி'ம்பான். உன் பொண்ணு பாத்தாக்கூட வித்தியாசம் தெரியாது."

தெரியவில்லை. புதுப் பட்டை தயாராகி வந்தபோது பால்ராஜே அசலையும் நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திகைத்தார். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கைக்கு மட்டும்தான் இரண்டும் வேறு. வாட்ச்சை ஸ்டீல் பட்டையில் மாட்டி உள்ளங்கையில் வைத்தார். கும்மென்று உட்கார்ந்தது. மனசும் அதோடு சேர்ந்து உட்கார்ந்தது. அசல் பட்டையைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தார். சாராளிடமும் சொல்லவில்லை, ரெனிதாவிடமும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வாட்ச்சை வாங்கிய பிறகு நிச்சயதார்த்தம் வரைக்கும் பெண் தொடக்கூடாது என்று, இல்லாத ஒரு வழக்கத்தை அவரே உண்டாக்கி, பெட்டியைத் தன் சட்டைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

நிச்சயதார்த்தம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து, பருத்திப்பட்டுப் பக்கத்தில் ஒரு சின்ன ஹாலில். பாஸ்டர் ஜெபித்து, வசனம் வாசித்து, இரண்டு வீட்டாரும் சம்மதம் சொல்லி, மோதிரம் மாற்றியாயிற்று. ரெனிதா வெளிர்நீலப் புடவையில் இருந்தாள். இவான் முழுக்கைச் சட்டை போட்டு, இடது கைப் பித்தான்கூடக் கழற்றாமல் அடக்கமாக நின்றான். ஒல்லியான பையன், கண்ணில் எப்போதும் ஒரு சிரிப்பு. சாராள் பூவும் பழமும் வைத்த தட்டில் கறுப்புப் பெட்டியை வைத்து நீட்டினாள்.

தேவசகாயம் பெட்டியைத் திறந்தார். வாட்ச்சை எடுத்தார். அந்தக் கை ஒரு தரம் இறங்கியது, ஏறியது, மறுபடி இறங்கியது. தேவசகாயத்தின் புருவம் மேலே போனது.

"அடேயப்பா!" என்றார் ஹாலுக்கே கேட்கிற மாதிரி. "சம்பந்தி வெயிட்டான பார்ட்டிதான்!"

ஹாலில் எல்லாரும் சிரித்தார்கள். முன்வரிசையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். "நல்ல கனம்", "பாத்தாலே தெரியுது" என்று பேச்சு பின்வரிசை வரை போயிற்று. பால்ராஜ் வேட்டியைச் சரிபண்ணுகிற சாக்கில் குனிந்து, சிரிப்பைத் தரைக்குக் காட்டினார். இவ்வளவு நாள் அரித்த அரிப்பு ஒரே சொல்லில் ஆறிப்போனது. சந்தோஷத்தில் மனிதருக்குக் கண்கூடக் கலங்கியது, பொய் சொல்வானேன்.

வாட்ச் கைமாறிச் சுகிர்தத்திடம் வந்தது. அந்த அம்மாள் வாங்கியதும் முகம் வாடியது. மகனைப் பார்த்தார், வாட்ச்சைப் பார்த்தார், பால்ராஜிடம் கொடுத்தார். 'இன்னும் போதலையா இந்தம்மாவுக்கு? கிளிப்புல இன்னொரு தகடு வச்சிருக்கலாமோ' என்று பால்ராஜ் நினைத்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

இவான் சட்டைக் கையை மடித்து இடது கையை நீட்டினான். பால்ராஜ் மணிக்கட்டை அடியில் தாங்கிப் பிடித்து வாட்ச்சைக் கட்டினார். கிளிப்பை அழுத்தியபோது அவருடைய கட்டைவிரல் தோலுக்கு அடியில் எதிலோ இடித்தது. எலும்பு இல்லை. எலும்பு அவ்வளவு நேராக இருக்காது. இரும்பையே தடவித் தடவி வயதான விரல், அது என்ன என்று அதற்குத் தெரிந்துவிட்டது. மணிக்கட்டின் உள்பக்கம் நீளமாக ஒரு தழும்பு ஏறிப் போயிருந்தது. அவர் கையை எடுத்ததும் பையனின் கை சட்டென்று தொய்ந்தது. விழுவதற்குள் வலது கையால் பிடித்துக்கொண்டான். பார்த்தவர்களுக்கு அது கை கட்டி மரியாதையாக நிற்பதாகத் தெரிந்திருக்கும்.

"கையில என்ன தம்பி?" என்றார் பால்ராஜ், உதடு அசையாமல்.

"ஒண்ணுமில்ல மாமா. நெமிலிச்சேரிகிட்ட பைக்ல விழுந்தது. பிளேட் வச்சிருக்காங்க."

"வலிக்குதா?"

"இல்ல மாமா. ரெண்டு நாள்ல பழகிடும்."

வலிக்கவில்லை என்றால் பழகுவதற்கு என்ன இருக்கிறது? பால்ராஜ் அதைக் கேட்பதற்குள் பாஸ்டர், "நாம் எல்லாரும் ஜெபிப்போம்" என்றார். ஹால் முழுக்கக் கண் மூடியது. பாஸ்டர் இரண்டு குடும்பங்களையும் ஆசீர்வதித்து, சமாதானத்தைக் கேட்டு, பொறுமையைக் கேட்டு, நீளமாக ஜெபித்தார். பால்ராஜ் கண்ணை மூடவில்லை. பையனின் வலது கை இடது மணிக்கட்டை அடியிலிருந்து தாங்கியபடியே இருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியோரம் வேர்வை. ஏசி ஹாலில் வேர்வை.

இன்னும் ஒரு ஜோடிக் கண் திறந்திருந்தது. ரெனிதா. அவளும் அந்த மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வாட்ச்சைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அந்த வாட்ச்சின் எடை அவளுக்குத் தெரியும், அவள்தானே வாங்கினாள். அப்பாவின் கையும் அவளுக்குத் தெரியும். அவள் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டே வந்ததைப் பால்ராஜ் பார்த்தார். "ஆமென்" என்று எல்லாரும் சொன்னபோது அவர் பார்வையைத் தரைக்குத் தாழ்த்திக்கொண்டார்.

பந்தி போட்டார்கள். தேவசகாயம் மேசைக்கு மேசை போய் வாட்ச்சின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். "தம்பி, கையக் காட்டு" என்பார். இவான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுச் சிரித்துக்கொண்டே இடது கையைத் தூக்கிக் காட்டுவான். இப்படி எத்தனை முறை. பால்ராஜ் தன் இலையில் விழுந்த பிரியாணியைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா இருந்துவிடலாம். நாளைக்கு ரகசியமாகப் பட்டையை மாற்றிக் கொடுத்துவிடலாம். 'வெயிட்டான பார்ட்டி' என்ற பேர் நிற்கும். பையனும் வாய் திறக்க மாட்டான், அந்த ரகம் அவன். இன்னும் ஒரு சாயங்காலம்தானே அவன் தாங்க வேண்டும்?

தேவசகாயம் மறுபடியும் "கையக் காட்டு" என்றார். இவான் தூக்கினான். பாதியில் நின்றது கை. பல்லைக் கடித்து மீதியைத் தூக்கினான்.

பால்ராஜ் எழுந்து போனார். கையைக்கூடக் கழுவவில்லை, சாப்பிட்டால்தானே. இவான் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவன் கையைத் தன் முழங்கால் மேல் வைத்து, கிளிப்பைத் தட்டி வாட்ச்சைக் கழற்றினார்.

ஹால் அமைதியாகிவிட்டது. கட்டிய வாட்ச்சை மாமனாரே கழற்றினால் என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் தோன்றும்.

"என்ன சம்பந்தி இது?" தேவசகாயத்தின் குரல் மாறியிருந்தது. "போட்டதைக் கழட்டுறீங்க?"

சுகிர்தம் நாற்காலியைத் தள்ளிவிட்டு பால்ராஜிடம் ஓடி வந்தார். அதிகம் பேசாத அந்த அம்மாளுக்கு வார்த்தை தடுமாறியது. "அண்ணே, கையப் பத்தி ரெனிதா உங்ககிட்ட சொல்லலையா? சொல்லிட்டேன்னு சொன்னாளே. நாங்க மறைக்கலைண்ணே. எல்லா வேலையும் செய்வான். கனம் மட்டும்தான் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னார். அதுக்காகக் கல்யாணத்த..."

அப்போதுதான் பால்ராஜுக்கு உறைத்தது, இவர்கள் என்ன நினைத்துப் பயப்படுகிறார்கள் என்று. எழுந்து நின்றார். வாட்ச் அவர் கையில் கும்மென்று கனத்தது.

"அம்மா, உக்காருங்க. புள்ள கையில ஒரு குத்தமும் இல்ல. குத்தம் என் கையில." வாட்ச்சைத் தூக்கிக் காட்டினார். "இது வாங்கும்போது ரொம்ப லேசா இருந்திச்சி. லேசா இருந்தாத்தான் ஒசத்தியாம். அதான் வேணும்னு என் பொண்ணு வாங்குனா. எனக்குப் பொறுக்கல. அம்பத்தூர்ல குடுத்து ஸ்டீல்ல பட்டை செஞ்சி மாட்டிட்டேன்."

"எதுக்குங்க?" என்றாள் சாராள். அவளுக்கும் அது செய்திதான்.

பால்ராஜ் தேவசகாயத்தைப் பார்த்தார். "அண்ணாச்சி கையில வாங்கினா கனமா இருக்கணும்னு."

"நான் எங்கய்யா கனம் கேட்டேன்?" என்றார் தேவசகாயம், நிஜமாகவே திகைத்துப்போய்.

அவர் கேட்கவே இல்லை. அது உண்மைதான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு மேசை மேசையாகப் பரவியது. 'ஸ்டீல் பட்டை' என்று ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் விளக்குவது கேட்டது. எதற்குப் பயந்து இத்தனையும் செய்தாரோ அது, வட்டியும் முதலுமாக வந்து முன்னால் நின்றது. வாட்ச்சை வேட்டி மடிப்பில் சொருகிக்கொண்டார். இவான் எழுந்து அவர் பக்கத்தில் வந்து நின்றான். மாப்பிள்ளை அன்று வெறுங்கையோடுதான் பூந்தமல்லிக்குப் போனான். ஹால் வாசலில் அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வருகிற ஆட்டோவில் சாராள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆவடி ஸ்டேஷன் தாண்டித்தான் வாயைத் திறந்தாள். "சோப்ப தூக்கினீங்க, சரி. செருப்ப தூக்கினீங்க, சரி" என்றாள். மேலே சொல்லாமல் விட்டுவிட்டாள். சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

வீட்டில் ரெனிதா பூவைக்கூட எடுக்காமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பால்ராஜ் பீரோவிலிருந்து அசல் பட்டையை எடுத்து, வீராசாமியிடம் கேட்டு வாங்கிய சின்னத் திருப்புளியோடு அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து மாட்டத் தொடங்கினார். ஊசி மாதிரி ஒரு ஆணி, நழுவி நழுவிப் போனது.

"அந்தம்மாகிட்ட எங்ககிட்ட சொல்லிட்டேன்னு சொன்னியாமே" என்றார், தலையைத் தூக்காமல். "ஏம்மா சொல்லல? வாட்ச் லேசா இருக்கிறது அந்தத் தம்பி கைக்காகன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இதைத் தொட்டிருப்பேனா?"

ரெனிதா தலையிலிருந்த பூவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லியிருந்தா அவரையும் தூக்கிப் பாத்திருப்பீங்கப்பா."

பால்ராஜின் கையில் திருப்புளி நின்றது. இல்லை என்று சொல்ல வாய் வந்தது. கையில் பிளேட் வைத்த பையன், கனம் தூக்கக் கூடாத பையன். உள்ளங்கையில் வைத்து ஆட்டியிருப்பாரா? ஆட்டியிருப்பார். என்ன சொல்லித் தனியாக எடுத்து வைத்திருப்பார் என்றுகூட அவருக்குத் தெரிந்தது.

"ஆமாம்மா" என்றார். "பாத்திருப்பேன்."

ரெனிதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் இல்லை என்று சண்டை போடுவார் என்று எதிர்பார்த்து, அதற்கு வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தாள் போலிருக்கிறது.

"எந்தப் பக்கம் திருப்பினா வலிக்குதாம்?" என்று கேட்டார் பால்ராஜ்.

"எனக்குச் சரியாத் தெரியாதுப்பா. கேட்டா சிரிப்பாரு."

"ராத்திரி தூங்க முடியுதாமா? வண்டி ஓட்டுறானே, கிளட்ச் எப்படிப் பிடிக்கிறான்? அந்த பிளேட்ட எடுத்துருவாங்களா, அப்படியே விட்டுருவாங்களா?"

"அவர்கிட்டயே கேளுங்களேன்."

பால்ராஜ் வாட்ச்சையும் பட்டையையும் தரையில் அப்படியே வைத்துவிட்டு, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு போனுக்காகக் கையை நீட்டினார். அவள் நம்பரைப் போட்டுக் கொடுத்தாள். மணி அடிக்க அடிக்க அவர் எழுந்து நின்றுகொண்டார், ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

"தம்பி, நான் ரெனிதா அப்பா பேசுறேன். இல்ல, இல்ல, மன்னிப்பெல்லாம் நேர்ல வந்து கேக்கிறேன், அது வேற. ஒண்ணு கேக்கணும். வாட்ச்ச நீ எந்தக் கையில கட்ட ஆசப்படுற? இல்ல, வாட்ச்சே கட்டுற பழக்கம் உனக்கு உண்டா?"

பால்ராஜ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"இல்ல மாமா" என்றான் இவான். "சொல்லணும்னு நெனச்சேன். யாரும் கேக்கல."